எல்லை வரிசையில் கேட்ட கேள்விகள்

அக்கா,

நேற்றுச் சாயங்காலம் உன் மகன் வந்திருந்தான். பூ வேனைக் கழுவி நிறுத்திவிட்டு, கையில் ஒரு மஞ்சப் பையோடு அடுப்படி வாசலில் நின்றான். "சித்தி, பழைய பேப்பர்காரரு வந்தாரு. அம்மாவோட நோட்டுகளை எடைக்குப் போட மனசு வரல. நீங்க வச்சுக்கங்க" என்றான். பையில் நான்கு நீள நோட்டுகள் இருந்தன. முதல் நோட்டைத் திறந்ததுமே மணம் மூக்கில் ஏறியது. பக்க அடையாளத்துக்கு நீ மல்லிகை மொட்டுத்தான் வைப்பாய். எல்லாம் காய்ந்து தேயிலைத் தூள் மாதிரி ஆகிவிட்டன. ஆனாலும் மல்லி மல்லிதானே! அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. உன் மகன்தான் உள்ளே வந்து அடுப்பை அணைத்தான்.

முதல் பக்கத்தில் உன் உருண்டை எழுத்தில் முதல் கேள்வி: "மனித உடலில் மிகப் பெரிய உறுப்பு எது?" கீழே பதில். பதிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிக். நான் சரியாகச் சொன்னதற்குப் போட்டது. வெளியாள் பார்த்தால் ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளையின் நோட்டு என்றுதான் நினைப்பார்கள். நம் வீட்டில் எட்டு மாதம் நின்றுபோயிருந்த பேச்சு இந்த ஒரு வரியில்தான் திரும்பத் தொடங்கியது என்று யாருக்குத் தெரியும்?

நின்றுபோனதற்குக் காரணம் நான். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, இப்போது உன்னிடமும் மறைக்கப் போவதில்லை. நீ அந்த வீட்டின் மூத்த மருமகள், நான் இளையவள். நிலக்கோட்டைக்குப் பக்கத்துப் பூக்காட்டு ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, எனக்குத் தலையில் ஒரு கொம்பு முளைத்திருந்தது. கல்லூரியில் தாவரவியல் இரண்டு வருடம் படித்தவள் அல்லவா! மூன்றாம் வருடம் கல்யாணம் வந்து குறுக்கே நின்றது. முடிக்காத படிப்புக்குத்தான் திமிர் அதிகம். உன் மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப்போன அன்று, முற்றத்தில் சொந்தக்காரர்கள் நிற்க, காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டார் முறையில் தொடங்கிய ஏதோ ஒரு வாய்ச்சண்டையில், நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "எட்டாங் கிளாஸைத் தாண்டாதவ வயித்துல வேற எப்படிப் பொறக்கும்?"

உன் மகன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். அவன் போன பிறகு, "இனிமே உனக்கும் எனக்கும் பேச்சு இல்ல" என்று மட்டும் சொன்னாய். அண்ணனும் தம்பியும் பிரிவதற்கு ஏற்கெனவே மனசில் ஆயிரம் காரணம் வைத்திருந்தார்கள். என் வாய் ஆயிரத்து ஒன்றாவது. ஒரு மாதத்தில் வீட்டுக்கு நடுவே சுவர் வந்தது. காட்டையும் பாதியாகப் பிரித்தார்கள். எல்லைக்கு ஒரு மல்லி வரிசையை மட்டும் பொதுவில் விட்டார்கள். இந்தப் பக்கம் நான் பறிப்பது, அந்தப் பக்கம் நீ பறிப்பது என்று ஏற்பாடு.

எல்லாவற்றையும் பிரித்தவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். ரேஷன் கார்டு. அது அத்தை பெயரில் ஒரே கார்டாகவே கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், கார்டில் அடுத்தடுத்த வரியில்.

அந்தச் சமயத்தில்தான் நம் ஊர் நூலகத்தில் அந்த அறிவிப்பை ஒட்டினார்கள். திண்டுக்கல்லில் வாசகர் வட்டம் ஒன்று பெண்களுக்கு வினாடி வினா நடத்துகிறது. அறிவியல், வரலாறு. இருவர் அணி. இருவர் பெயரும் ஒரே குடும்ப அட்டையில் இருக்க வேண்டும். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் என் கார்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அத்தைக்கு எழுத்துத் தெரியாது. மிச்சம் நீ. "போச்சு" என்று நினைத்துக்கொண்டு புத்தகத்தை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் போனபோது நூலகர் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க ரெண்டு பேரு பேரும் குடுத்தாச்சும்மா. இனிமே அடிக்க முடியாது. நல்லாப் படிங்க" என்றார். யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, "கார்டு நகல் வந்துச்சு, பேரு வந்துச்சு, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அத்தையைப் பிடித்தேன். அத்தை வெற்றிலையைக் கன்னக் கதுப்பில் ஒதுக்கிக்கொண்டு, "யாரு குடுத்தா என்ன? போயிட்டு வாங்களேண்டி. ஒங்க வாயி அங்கயாச்சும் பிரயோசனப்படட்டும்" என்றார். கிழவி வேலைதான் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். வருடக் கணக்காக அப்படியேதான் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை எல்லை வரிசையில் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் நீ வந்தாய். இடுப்பில் பூப் பறிக்கும் மடித்துணி, தலையில் டார்ச். என்னைப் பார்க்காமல், செடியைப் பார்த்து, "மனுச ஒடம்புல பெரிய உறுப்பு எது?" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் செடியைப் பார்த்தே, "தோலு" என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாய். அடுத்த செடியில் நான் ஆரம்பித்தேன். "சிந்து வெளியில பெரிய குளியல் குளம் இருந்த ஊரு எது?" உடனே பதில் வந்தது. "மொகஞ்சதாரோ."

மூலை வரப்பில் நின்றுகொண்டிருந்த அத்தை, "என்னடி, பேச ஆரம்பிச்சுட்டீகளா?" என்று கத்தினார். நீ சொன்னாயே ஒரு பதில்! "பேச்சு இல்லத்தே. கேள்வி."

அதுதான் நம் சட்டம் ஆனது. பேசக் கூடாது. கேள்வி கேட்கலாம், கேட்டதற்குப் பதில் சொல்லலாம். ஒரு வார்த்தை கூடுதல் கிடையாது. நீ எங்கிருந்து அம்புட்டுக் கேள்வி பிடித்தாய் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். உன் மகனின் பழைய பாடப் புத்தகங்கள், நூலகத்து மாணவர் இதழ்கள், வடை மடித்து வந்த காகிதம்கூட விடமாட்டாய். ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று ஒரு நாள் கேட்டாய். மூன்று என்றேன். "ஒண்ணை வச்சே இங்க சமாளிக்க முடியல" என்று முணுமுணுத்தாய். முணுமுணுப்பு கணக்கில் வராது என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்னொரு நாள் இது. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"நல்ல பாம்புக்குக் காது உண்டா?" என்றாய்.

"வெளிக்காது கெடையாது. தரையில வர்ற அதிர்வை உணரும்."

"அப்ப, மோட்டர் ரூம்பு பக்கம் போறவுக காலைத் தட்டித் தட்டிப் போகணுமா, வேணாமா?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. மோட்டார் அறைப் பக்கம் நீ பாம்பைப் பார்த்திருக்கிறாய். சொல்வதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, சொல்லாமல் இருக்க மனசு இடம் கொடுக்கவில்லை. "தட்டித்தான் போகணும்" என்றேன். "சரியான விடை" என்றாய். ஆத்தாடி, எந்த நீதிபதிக்கும் இப்படி ஒரு வழி தோன்றியிருக்காது!

இவ்வளவுக்கும் நடுவில் என் கொம்பு மட்டும் உதிரவே இல்லை, அக்கா. போட்டிக்கு முன்னால் நூலகர் அம்மா, யார் யார் எந்தப் பாடம் என்று கேட்டார். உன் காதுபடத்தான் சொன்னேன். "அறிவியல் என்னோடது. வரலாறை அவங்க பாத்துக்கட்டும்." படித்து மனப்பாடம் பண்ணுவதுதானே வரலாறு, அது உனக்குப் போதும் என்று நினைத்தேன். நீ தலையை ஆட்டினாய். அவ்வளவுதான்.

போட்டியன்று பூ மூட்டைகளோடு ஒரே பஸ்ஸில் போனோம். நீ முன் சீட்டு, நான் பின் சீட்டு. மலைக்கோட்டை சன்னலில் தெரிகிற ஒரு பள்ளி அரங்கம். நெல்லுக் காட்டிலிருந்து வந்தவர்கள், தென்னந்தோப்பிலிருந்து வந்தவர்கள், ஆத்தூரிலிருந்து மாமியாரும் மருமகளுமாக ஒரு ஜோடி, திண்டுக்கல் டவுனில் தோல் வியாபாரம் செய்கிற வீட்டிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிலேட்டு, ஒரு சாக்பீஸ். கேள்வி கேட்டதும் இருவரும் கலந்து பேச அரை நிமிடம். பிறகு எழுதிக் காட்ட வேண்டும்.

நாம் கலந்து பேசவில்லை. வரலாறு வந்தால் சிலேட்டை உன் பக்கம் தள்ளுவேன். அறிவியல் வந்தால் என் பக்கம் இழுத்துக்கொள்வேன். ரோமானியர்களோடு வாணிகம் நடந்த துறைமுகம், அரிக்கமேடு என்று நீ எழுதினாய். அறை வெப்பத்தில் திரவமாக இருக்கும் உலோகம், பாதரசம் என்று நான் எழுதினேன். அந்த டவுன் அக்கா தங்கைகள் மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, "நீ சொல்லுடி", "இல்ல, நீ என்ன நெனைக்கிற?" என்று அரை நிமிடத்தையும் தின்று தீர்த்தார்கள். விடை தெரியாதவர்கள்தான் இப்படிக் குசுகுசுப்பார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் இளக்காரம்.

கடைசியில் அவர்களும் நாமும் சமம். ஒரே ஒரு கேள்வி மிச்சம். கேள்வி கேட்ட டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "குங்குமப்பூ என்று நாம் பாலில் போடுகிறோமே, அது அந்தப் பூவின் எந்தப் பகுதி?"

பூ! தாவரவியல்! எனக்குத் தலைகால் புரியவில்லை. சிலேட்டை ஒரே இழுப்பாக இழுத்தேன். ஆரஞ்சு நிறத்தில், மெல்லிசாக, நூல் மாதிரி இருக்கும். மகரந்தத் தாள்தான், வேறென்ன? எழுதினேன். உன் விரல் சிலேட்டின் ஓரத்துக்கு வந்தது. ஒரு கணம் நின்றது. பிறகு மடிக்குப் போய்விட்டது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் திரும்பிக் கேட்கவில்லை. சிலேட்டைத் தூக்கிக் காட்டிவிட்டேன்.

விடை சூலகமுடி. பூவின் நடுவில் இருக்கும் பெண் உறுப்பின் நுனி. நான் எழுதியது ஆண் உறுப்பு. டவுன்காரிகள் சரியாக எழுதியிருந்தார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே, "பூக்காட்டுல இருந்து வந்தவுக பூவுலயே கோட்டை விட்டுட்டீகளேம்மா" என்றார். அரங்கமே சிரித்தது. எனக்குக் காது மடல் எரிந்தது. நமக்கு இரண்டாம் பரிசு, ஒரு ஹாட் பாக்ஸ். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒன்று!

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். வேறு இடமில்லாமல் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம், நடுவில் ஹாட் பாக்ஸ். கொடைரோடு வந்துவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை. செடியைப் பார்த்துப் பேசுகிற மாதிரி முன் சீட்டைப் பார்த்துக் கேட்டேன்.

"சூலகமுடின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"நோட்டுல படம் போட்டு வச்சிருக்கேன். போன மாசமே."

"பக்கத்துலதான உக்காந்திருந்த? ஏன்க்கா சொல்லல?"

நீ என் முகத்தைப் பார்த்தாய். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாய். "நீ கேக்கலையே" என்றாய்.

அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. கேட்டால்தான் சொல்லலாம் என்பது நம் சட்டம், நீ சட்டப்படி இருந்தாய். முற்றத்தில் அன்றைக்கு வாய்விட்டுச் சொன்ன அதே வார்த்தையை அரங்கத்தில் சிலேட்டை இழுத்துச் சொல்லியிருக்கிறேன். எட்டாங் கிளாஸுக்கு இது தெரியாது என்று. தோற்றது பெரிதில்லை. இந்தப் பஸ் ஊர் போய்ச் சேர்வதற்குள் ஒன்றைக் கேட்காவிட்டால் அந்தச் சுவர் என் ஆயுசு முழுக்க நிற்கும் என்று பயந்துபோனேன்.

"இன்னொண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நான் அன்னைக்குச் சொன்னது... இன்னும் வலிக்குதா ஒனக்கு?"

"இது அறிவியலா, வரலாறா?"

"வரலாறுதான்க்கா."

"அப்ப என் பாடம். நான் சொல்றேன், எழுதிக்க. அது முடிஞ்சுபோச்சு." கூடவே, "அதுக்காக மறந்துட்டேன்னு நெனைக்காத. பரீட்சையில கேட்டா ஒரு வரி மாறாம எழுதுவேன்" என்றாய். "போயி அவன்கிட்டயும் கேளு. என்னைவிட அவனுக்குத்தான் வலிச்சிச்சு."

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். கண்டக்டர் பயந்துபோய், "என்னம்மா, டிக்கெட்டத் தொலைச்சுட்டீகளா?" என்றார். "இல்லண்ணே, பரிசு வாங்கிட்டு வர்றோம்" என்று நீ சொன்னாய்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே உன் மகனிடம் கேட்டேன். அவன் பதிலுக்கு, "குங்குமப்பூ எந்தப் பகுதி சித்தி?" என்றான். சனியன், அதற்குள் நீ சொல்லிவிட்டிருந்தாய். அவன் அடுத்த தேர்வில் கணக்கில் தேறினான். அதில் என் பங்கு கொஞ்சம் உண்டு, கேள்வி கேட்டுக் கேட்டே சொல்லிக் கொடுத்தேன். ஹாட் பாக்ஸ் சுவருக்கு மேலே அங்கும் இங்கும் போய்வந்துகொண்டே இருந்தது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உன் வீட்டு வெஞ்சனம் வரும், என் வீட்டுக் குழம்பு போகும். ஒரு நாளும் அது வெறுமனே திரும்பியதில்லை.

பேச்சு வந்த பிறகும் நீ கேள்வியை விடவில்லை. ஒவ்வொரு வருடமும் போட்டிக்குப் போனோம், சிலேட்டை நடுவில் வைத்தோம். இரண்டு முறை முதல் பரிசு வாங்கினோம். அதைவிட எனக்குப் பெரிது இன்னொன்று. எல்லை வரிசையில் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாய். "பாதியில விட்ட டிகிரியை எத்தனை வருசத்துல முடிக்கலாம்?" தெரியாது என்பேன். "தெரியாதுன்னா தேடு" என்பாய். அஞ்சல் வழியில் சேர்ந்து முடித்தேன். வரலாறு எடுத்தேன். "என் பாடத்தப் புடுங்கிட்டியாடி!" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய். நூலகத்துப் பிள்ளைகளுக்கு இன்று நான் வகுப்பு எடுக்கிறேன் என்றால், அது உன் ஒரு கேள்வி பெற்றுத் தந்த வாழ்க்கை. இதை நீ இருக்கும்போது உன்னிடம் நேராகச் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. இப்போது சொல்கிறேன், அக்கா. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருப்பாய்.

போன ஆடியில் உனக்கு மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தாய். என்ன வேணும் என்று கேட்டேன். "சும்மா ஏதாச்சும் கேள்வி கேளு" என்றாய். "மனுச ஒடம்புல எத்தனை எலும்பு?" என்றேன். "இருநூத்தி ஆறு. எல்லாம் வலிக்குது" என்றாய். பக்கத்துக் கட்டில் அம்மாவும் சிரித்தார். அடுத்த நாள் நீ இல்லை.

இந்த வருடப் போட்டிக்குக் கேள்வி தயாரித்துத் தரச் சொல்லி வாசகர் வட்டத்தில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அதற்காகத்தான் நேற்று ராத்திரியே உன் நோட்டுகளைப் புரட்ட உட்கார்ந்தேன். குங்குமப்பூ படம் இருக்கிறது. மூன்று சூலகமுடியையும் சிவப்புப் பேனாவில் போட்டிருக்கிறாய். முதல் நோட்டின் அட்டையைத் திருப்பினால், உள்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அந்த முதல் போட்டியின் விண்ணப்பப் படிவம், நகல். நூலக முத்திரை இருந்தது. எழுத்து உன் எழுத்து.

அத்தை இல்லை, அக்கா. நீ கொடுத்திருக்கிறாய். அத்தையிடம் கார்டை வாங்கி நகல் எடுத்து, நீயே நடந்துபோய்க் கொடுத்திருக்கிறாய். அணித் தலைவி என்ற இடத்தில் என் பெயர். இன்னொருவர் என்ற இடத்தில் உன் பெயர். கடைசியில், தலைவி உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். ஓரகத்தி என்று எழுதியிருக்கலாம். கொழுந்தன் மனைவி என்று எழுதியிருக்கலாம். நீ "தங்கச்சி" என்று எழுதியிருக்கிறாய்.

நான் சொன்ன வார்த்தையின் ஈரம் அப்போது காயவில்லை. நீ என் முகத்தைக்கூடப் பார்க்காத நாட்கள் அவை. சுவரின் சுண்ணாம்பு கையில் ஒட்டும். அந்த நாளில் எப்படி எழுதினாய்? இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

உன் பதில் எனக்குத் தெரியும். அந்தப் பஸ்ஸில் சொன்னதையே சொல்வாய். அதனால் இந்த மடலை எழுதி, மடித்து, உன் முதல் நோட்டிலேயே, அந்தப் படிவத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். இன்று காலை பறித்த ஒரு மொட்டும் கூட இருக்கிறது. அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். நூலகர் அம்மாவைத் தேடிப் பிடித்தாலும், யார் கொடுத்தது என்றுதான் சொல்வார், ஏன் என்று சொல்ல மாட்டார். உன் நான்கு நோட்டையும் புரட்டிவிட்டேன். எல்லாக் கேள்விக்கும் கீழே பதில் எழுதியிருக்கிறாய், இதற்கு மட்டும் எங்கும் இல்லை.

ஏன்க்கா?

கேக்கலையேன்னு சொல்லாத. கேட்டுட்டேன்.